அம்மாவின் பால் டின்னில் எத்தனை கிராம்? முறுக்கு மாவுக் கணக்கில் உதவி வேண்டும்

சிப்புட் மகள் | சனி, இரவு 9.12

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. எங்கள் சமையலறையில் மட்டும் இன்னும் தோட்டத்துக் கணக்குத்தான் நடக்கிறது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் பிழியும் முறுக்குக்கு எங்கள் பழைய லயத்து வீடுகளில் தனிப் பெயர் உண்டு. இந்தத் தீபாவளிக்கு முதல்முறையாக ஆர்டர் எடுத்திருக்கிறேன்: பத்துக் கிலோ முறுக்கு, ஐந்து கிலோ நெய் உருண்டை. அம்மாவின் முழங்கால் இப்போது அடுப்படியில் நெடுநேரம் நிற்க விடுவதில்லை. மாவு பிசைவது முதல் பொரித்தெடுப்பது வரை நானே செய்தாக வேண்டும்.

அம்மா சொல்லும் அளவு இது: நான்கு டின் அரிசி மாவு, ஒரு டின் வறுத்த உளுந்து மாவு, நான்கு கரண்டி வெண்ணெய், மூன்று சிறு கரண்டி கல் உப்பைக் கரைத்த தண்ணீர், எள், ஓமம். டின் என்றால் பழைய கெட்டிப்பால் டின். அப்பா அதன் விளிம்பை அரத்தால் தேய்த்துக் கொடுத்தது.

நான் புதிதாகத் தராசு வாங்கினேன். ஒரு கப் 250 என்று இணையத்தில் படித்தேன். டின்னும் கப் அளவுதான் இருக்கும் என்று எண்ணி, ஒரு கிலோ அரிசி மாவு, 250 கிராம் உளுந்து மாவு, நான்கு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டுப் பிசைந்தேன். முறுக்கு கல்லாக வந்தது. அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எங்கே தவறினேன்? ஒரு பால் டின் அரிசி மாவு எத்தனை கிராம்?


ஈப்போ அடுமனை | சனி, இரவு 9.47

அக்கா, தவறு 250 என்ற எண்ணில்தான் இருக்கிறது. ஒரு கப் என்பது 250 மில்லிலிட்டர். அது கப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். அந்த இடத்தை நிரப்பும் பொருள் எத்தனை கிராம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். தண்ணீரை ஊற்றினால் மட்டுமே 250 மில்லி 250 கிராமாக நிற்கும். அதே கப்பில் சீனி ஏறத்தாழ 210 கிராம், எண்ணெய் 230, தேன் 350க்கு மேல். கோதுமை மாவை அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 முதல் 150 வரை போகும். சலித்த அரிசி மாவும் அந்த வட்டாரத்தில்தான் நிற்கும்.

ஆக, அம்மாவின் அளவைவிட நீங்கள் மிக அதிகமாக மாவு போட்டுவிட்டீர்கள். வெண்ணெய் மட்டும் நான்கு கரண்டியிலேயே நின்றுவிட்டது. மாவு பெருகி வெண்ணெய் பெருகாவிட்டால் முறுக்கு கடினமாகத்தான் வரும்.

கப் என்பதே ஊருக்கு ஊர் வேறு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி. நம் கடைகளில் கிடைக்கும் அளவுக் கப் 250. அரைப் பைண்ட் பிடிக்கும் பழைய ஆங்கிலேயக் கப் 284. ரைஸ் குக்கருடன் வரும் கப் 180 மில்லிதான். அது ஜப்பானியரின் 'கோ' என்ற பழைய அளவு, அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். மேசைக்கரண்டிகூட நமக்கு 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. எந்த நாட்டுச் சமையல் குறிப்பு என்று பார்க்காமல் கிராமுக்கு மாற்றினால் இப்படித்தான் ஆகும்.


குளுவாங் அடுப்படி | சனி, இரவு 10.20

மகளே, நான் முப்பது ஆண்டுகளாக முறுக்கு சுடுகிறேன். ஒரு நாளும் தராசு தொட்டதில்லை. மாவு கையில் ஒட்டாமல், உரலில் போட்டுப் பிழியும்போது அறுந்து போகாமல் வர வேண்டும். கைக்குத் தெரியாதது தராசுக்குத் தெரியப் போகிறதா? மழை நாளில் தண்ணீர் குறைவாகக் கேட்கும், வெயில் நாளில் கூடுதலாகக் கேட்கும். புது அரிசி ஒரு விதம், பழைய அரிசி ஒரு விதம். இவற்றையெல்லாம் எந்த எண் சொல்லும்?

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், நீங்கள் பிசையுங்கள். நான்கு தடவை பிசைந்தால் உங்கள் கைக்கும் வந்துவிடும்.


கங்சார் ஆசிரியை | சனி, இரவு 11.05

குளுவாங் அக்கா சொல்வதில் தண்ணீரைப் பற்றிய பகுதி முற்றிலும் சரி. நம் ஊர் ஈரக்காற்றில் மாவு தானாகவே ஈரம் இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரை மட்டும் கைக்கு விட்டுவிட வேண்டும். மாவையும் வெண்ணெயையும் உப்பையும் அப்படி விட வேண்டியதில்லை. பத்துக் கிலோ ஆர்டரில் முதல் கிலோவும் கடைசிக் கிலோவும் ஒரே சுவையில் இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குபவருக்கு அது நாம் கொடுக்கும் வாக்கு.

'ஒரு பால் டின் அரிசி மாவு எத்தனை கிராம்' என்று கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் அதற்கு விடை தேடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது உங்கள் டின்னில், உங்கள் அம்மாவின் கை அள்ளும் மாவின் எடை. அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே.

நாளைக் காலையில் இப்படிச் செய்யுங்கள். முதலில் தராசு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டை வைத்தால் உறையின் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சில கிராம்கள் மேலே காட்ட வேண்டும். பிறகு காலி டின்னை வைத்து, பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் பொத்தானை அழுத்தி, தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ, டின் அத்தனை மில்லி பிடிக்கும்.

அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. அம்மாவிடம் டின்னைக் கொடுத்து, முறுக்குக்கு எப்படி அள்ளுவாரோ அப்படியே அள்ளச் சொல்லுங்கள். "கவனமாக அள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கை மாறிவிடும். ஐந்து முறை அள்ளட்டும். ஒவ்வொரு முறையும் எடையை எழுதி, ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுங்கள். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், உப்பு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.


பழைய கிராணி | ஞாயிறு, காலை 6.30

பிள்ளைகளே, நானும் சுங்கை சிப்புட்காரன்தான். தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்து வாளியில் பால் வரும். இரண்டு பேர் வாளியும் ஒரே அளவு நிறைந்திருக்கும். ஆனால் சம்பளம் ஒன்றாக இருக்காது. வாளியில் எவ்வளவு பால் என்பது பாதிக் கணக்குதான். அந்தப் பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் இருக்கிறது என்பதுதான் மீதி. மரத்துப் பாலில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். மாதிரி எடுத்து, தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவோம். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. அதனால் ரப்பர் அதிகம் உள்ள பாலில் குழாய் ஆழமாக இறங்கும், தண்ணீர் அதிகம் உள்ள பாலில் மேலே நிற்கும். வாளி நிறைந்திருக்கிறது என்று யாரும் அங்கே வாதாட முடியாது. இந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

பால் டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கெட்டிப்பால் டின் 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம். கெட்டிப்பால் தண்ணீரைவிடக் கனமானது; ஒரு மில்லி ஏறத்தாழ 1.3 கிராம். அப்படியானால் டின்னின் கொள்ளளவு 300 மில்லிக்குச் சற்று மேலே. அரிசி போட்டால் கால் கிலோ. நான்கு டின் ஒரு கிலோ என்று தோட்டத்துப் பெண்கள் கணக்கு வைத்திருந்தது இதனால்தான். அரிசிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். அதையே மாவுக்கும் வைத்துக்கொண்டால் முறுக்கு கல்லாகும்.

1948இல் எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, கடையில் டின் வாங்கினால் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. எங்கள் வீட்டு அரிசி டின்னின் அடியிலும் அப்படி ஒரு துளை இருந்தது. அப்பா ஈயம் வைத்து அடைத்திருந்தார். அம்மா ஒவ்வொரு வேளையும் அந்த டின்னில்தான் அரிசி அளந்தார். டின்னைத் தூக்கி எறிந்துவிடாதே அம்மா. எடையைக் குறித்துக்கொள், டின்னையும் வைத்துக்கொள்.


தெலுக் இந்தான் தம்பி | ஞாயிறு, காலை 8.15

இடையில் ஒரு சிறு கேள்வி. குறிப்பில் ஒரு லிட்டர் எண்ணெய் என்று இருக்கிறது. நான் வாங்குவது ஒரு கிலோ பாக்கெட். இரண்டும் ஒன்றுதானா?


ஈப்போ அடுமனை | ஞாயிறு, காலை 8.22

இல்லை. நம் நாட்டில் சமையல் எண்ணெயைக் கிலோவில்தான் விற்கிறார்கள். பாமாயில் ஒரு மில்லி சுமார் 0.91 கிராம். ஒரு கிலோ பாக்கெட்டில் ஏறத்தாழ 1.1 லிட்டர் இருக்கும். பொரிப்பதற்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. கேக்கில் எண்ணெய் ஊற்றும்போது மட்டும் பாருங்கள்.


லாபிஸ் மருமகள் | ஞாயிறு, காலை 9.40

எனக்கு வேறொரு சிக்கல். மாமியார் சொன்ன டின் கணக்கை அப்படியே பின்பற்றினேன், தராசு பக்கமே போகவில்லை. மாவும் டின், உளுந்தும் டின். ஆனால் அவருடைய முறுக்கில் உப்பும் வெண்ணெய் மணமும் நன்றாகத் தெரியும். என்னுடையது சப்பென்று இருக்கிறது. அவருடைய டின் துருப்பிடித்துப் போய்விட்டதால் கடையில் புதிதாக வாங்கிய டின்னைத்தான் கழுவிப் பயன்படுத்தினேன். அதில் 505 கிராம் என்று அச்சடித்திருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?


கங்சார் ஆசிரியை | ஞாயிறு, காலை 10.10

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கிராணி ஐயா சொன்ன முறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 505ஐ 1.3ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 390 மில்லி. மாமியாரின் டின் 305 மில்லி அளவில் இருந்திருக்கும். உங்கள் ஒவ்வொரு டின்னும் கால் பங்குக்கும் மேல் பெரியது.

அரிசி மாவுக்கும் உளுந்து மாவுக்கும் ஒரே டின் என்பதால் அவை இரண்டுக்கும் இடையிலான விகிதம் கெடவில்லை. நான்குக்கு ஒன்று அப்படியே இருக்கிறது. டின்னில் அளக்காத பொருள்களில்தான் விகிதம் கெட்டது. உப்பும் வெண்ணெயும் கரண்டிக் கணக்கு. கரண்டி பழைய அளவிலேயே நிற்க, மாவு மட்டும் வளர்ந்துவிட்டது. மாமியாரின் முறுக்கில் இருந்ததைப் போல நூற்றுக்கு எண்பது பங்கு உப்பும் வெண்ணெயும்தான் உங்கள் மாவுக்குக் கிடைத்திருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அளக்கும் குறிப்பு பாத்திரம் மாறினாலும் கெடாது. அதனால்தான் இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று எந்தக் கிண்ணத்தில் அளந்தாலும் சரியாக வருகிறது. அரிசியும் உளுந்தும் ஒரே கிண்ணத்தில் ஏறத்தாழ ஒரே எடை பிடிப்பதால், கிராமில் நிறுத்தாலும் அதே நான்குக்கு ஒன்றுதான். டின்னும் கரண்டியும் கலந்த குறிப்புக்குத்தான் தராசு கட்டாயம் வேண்டும்.


லாபிஸ் மருமகள் | ஞாயிறு, காலை 10.31

மூன்று ஆண்டுகளாக என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி டீச்சர்.


சிப்புட் மகள் | ஞாயிறு, மாலை 5.50

எல்லாருக்கும் நன்றி. காலையிலிருந்து நிறுத்துக்கொண்டிருக்கிறோம். கிராணி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மெட்ரோலாக் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொட்டகையில் குழாய் இறங்கும்போது என் கண் அதிலேயே இருக்கும்" என்றார். அதன் பிறகு தராசின் மேல் அவருக்கு இருந்த மனக்குறை போய்விட்டது.

டின் பிடித்த தண்ணீர் 312 கிராம். அம்மா அள்ளிய அரிசி மாவு 163, 168, 159, 166, 164. சராசரி 164. உளுந்து மாவு 151, 155, 150, 154, 150. சராசரி 152. எழுபத்திரண்டு வயதுக் கை, ஐந்து முறையும் பத்துக் கிராமுக்குள் நின்றதை நான் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே டின்னை நான் மாவுச் சட்டிக்குள் அழுத்தி அள்ளி, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். 208 கிராம்! அம்மா சலித்த மாவைக் கையால் அள்ளி டின்னில் தூவி, மேலே விரலால் வழிக்கிறார். தட்டுவதே இல்லை. இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் நின்றும் இதை நான் கவனித்ததில்லை.

வெண்ணெய்தான் பெரிய வியப்பு. நான் கரண்டியில் மட்டமாக எடுத்தால் 14 கிராம். அம்மா எடுப்பது குவியல்: நான்கு கரண்டியும் சேர்ந்து 90 கிராம். மூன்று சிறு கரண்டி கல் உப்பு 13 கிராம்.

அம்மாவின் கணக்கில் மொத்த மாவு 808 கிராம், வெண்ணெய் 90. நூறு கிராம் மாவுக்குப் பதினொரு கிராம் வெண்ணெய். நான் போட்டது 1,250 கிராம் மாவுக்கு 56 கிராம், அதாவது நூற்றுக்கு நான்கரை. பாதிகூட இல்லை.


ஈப்போ அடுமனை | ஞாயிறு, மாலை 6.15

அக்கா, மொத்த மாவை நூறு என்று வைத்து மற்றவற்றைச் சொல்வதுதான் எங்கள் தொழிலிலும் வழக்கம். இனி எத்தனை கிலோ வந்தாலும் பெருக்கல் ஒன்றுதான் வேலை.

உப்பில் மட்டும் எச்சரிக்கை. கல் உப்புக்குப் பதில் தூள் உப்பை அதே மூன்று கரண்டி போட்டுவிடாதீர்கள். கல் உப்பின் இடுக்குகளில் காற்று இருக்கும். தூள் உப்பு நெருக்கமாக நிறையும், ஒரு தேக்கரண்டி ஆறு கிராம் வரை வரும். கரண்டிக் கணக்கில் உப்பு கரித்துவிடும். எடையில் 13 கிராம் என்றால் எந்த உப்பானாலும் 13 கிராம்தான். ஆப்ப சோடா, ஈஸ்ட் போன்றவற்றை ஒன்றிரண்டு கிராம் நிறுக்க வேண்டியிருந்தால் வீட்டுத் தராசை நம்பாதீர்கள், ஒரு கிராமைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் சிறு தராசு வேண்டும். அது இல்லையென்றால் அளவுக் கரண்டியே மேல்.

முட்டையும் இதே கதைதான். அமெரிக்கக் குறிப்பில் 'பெரிய முட்டை' என்றால் ஓட்டுடன் சுமார் 57 கிராம். நம் கடையில் அது சி கிரேடு. ஏ கிரேடு 65இலிருந்து 70க்குள். நான்கு முட்டைக்கு நாற்பது கிராம் கூடிவிடும், கேக் நடுவில் ஈரமாக நிற்கும்.


சிப்புட் மகள் | ஞாயிறு, இரவு 8.05

இப்போது நெய் உருண்டை. பாட்டி எழுதிய பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் "முக்கால் கட்டி பயறு வறுத்து அரைத்தது, ஒரு டின் சீனி பொடித்துச் சலித்தது, 4 தாஹில் நெய்" என்று இருக்கிறது. கட்டி, தாஹில் இரண்டையும் கிராணி ஐயாதான் சொல்ல வேண்டும்.


பழைய கிராணி | ஞாயிறு, இரவு 8.50

மகிழ்ச்சியாகச் சொல்கிறேன். ஒரு கட்டி பதினாறு தாஹில். நூறு கட்டி ஒரு பிக்குல். இன்றைய கணக்கில் கட்டி 605 கிராம், தாஹில் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆங்கிலேயர் காலத்தில் மூன்று கட்டியை நான்கு பவுண்டுக்குச் சமமாக வைத்துவிட்டார்கள். அதனால் உன் பாட்டியின் முக்கால் கட்டி என்பது மிகச் சரியாக ஒரு பவுண்டு, 454 கிராம். நான்கு தாஹில் நெய் 151 கிராம்.

அரிசிக்கு வேறு அளவு. காந்தாங் என்பது ஒரு காலன், நாலரை லிட்டர். அதில் கால் பங்கு ஒரு சுப்பாக். ஒரு காந்தாங் அரிசி மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். ஊரிலிருந்து வந்த எங்கள் பாட்டன்மார் படி, உழக்கு, ஆழாக்கு என்றும் பேசுவார்கள். ஊரிலே படிக்குப் படி அளவு மாறியதால், இருவர் சேர்ந்தால் எந்தப் படி பெரியது என்ற பேச்சு வந்துவிடும். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு கிலோவும் லிட்டரும் நிலைபெற்றன. ஆனாலும் சந்தையில் கட்டி என்ற சொல் அதற்குப் பின்னும் நெடுங்காலம் ஓடியது.


குளுவாங் அடுப்படி | ஞாயிறு, இரவு 9.15

பாட்டி பயறையும் நெய்யையும் எடையில்தானே எழுதியிருக்கிறார்! என் பாட்டி வீட்டிலும் கம்புத் தராசு தொங்கியது நினைவுக்கு வருகிறது. நேற்று நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். தண்ணீருக்கு மட்டும் கை.

ஆனால் மகளே, அந்தச் சீனி வரியை நன்றாகப் படியுங்கள். "ஒரு டின் சீனி பொடித்தது" வேறு, "பொடித்த சீனி ஒரு டின்" வேறு. முதலில் அளந்து பிறகு பொடிக்கச் சொல்கிறார் பாட்டி. பொடித்த பிறகு அளந்தால் இனிப்பு பாதியாகிவிடும்.


கங்சார் ஆசிரியை | ஞாயிறு, இரவு 9.30

அக்கா சொன்னது மிக நுட்பமான இடம். 312 மில்லி டின்னில் சீனியாக அளந்தால் சுமார் 265 கிராம் பிடிக்கும். பொடித்துச் சலித்த சீனி அதே டின்னில் 155 கிராம் அளவில்தான் நிற்கும். சொல் இடம் மாறியதற்கு நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம். பயற்றிலும் அப்படித்தான்: முழுப் பயறாக நிறுத்ததா, மாவாக நிறுத்ததா என்று பாருங்கள். வறுக்கும்போது ஈரம் போகும், தோல் நீக்கினால் இன்னும் குறையும். பாட்டி முழுப் பயறை நிறுத்திருக்கிறார். நீங்கள் அரைத்து முடித்த மாவையும் ஒரு முறை நிறுத்து எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு கடையில் பயத்தமாவு வாங்கினால் அந்த எண்தான் உதவும்.

நெய்யை உருக்கி ஊற்றினாலும் உறைந்ததாக எடுத்தாலும் எடையில் 151 என்றால் 151தான். கரண்டியில் அளந்தால்தான் உருகியதா, குவித்ததா என்ற குழப்பம்.


சிப்புட் மகள் | புதன், இரவு 10.02

செய்துவிட்டேன். 656 கிராம் அரிசி மாவு, 152 கிராம் உளுந்து மாவு, 90 கிராம் வெண்ணெய், 13 கிராம் உப்பு. தண்ணீரை மட்டும் அம்மா தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல ஊற்றினேன். ஊற்றியது எவ்வளவு என்று அதையும் எழுதிக்கொண்டேன், விதியாக வைத்துக்கொள்வதற்கு இல்லை, எந்த வட்டாரத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். பொரித்து ஆறியதும் முறுக்கு ஒரு கிலோ 40 கிராம் வந்தது. பத்து ஈடு போட்டால், உடைந்ததைக் கழித்தாலும் ஆர்டருக்குப் போதும்.

அம்மா ஒன்றைக் கடித்தார். முழுவதையும் தின்று முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

நெய் உருண்டையும் பாட்டியின் வரிப்படியே நின்றது. இப்போது அம்மா அதிரசத்தையும் எழுதிவிடச் சொல்கிறார். அங்கேதான் தடுமாறுகிறேன். வெல்லத்தை நிறுத்துவிடலாம், தண்ணீரையும் நிறுத்துவிடலாம். ஆனால் பாகு காயக் காயத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. பதத்தை எப்படி எடையில் எழுதுவது?


கங்சார் ஆசிரியை | புதன், இரவு 10.40

எழுதலாம். போட்ட தண்ணீர் எவ்வளவு என்பது அங்கே பொருட்டே இல்லை. இறக்கும்போது மிச்சம் இருக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதுதான் பதம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மென்மையாக உருண்டு வரும் பதத்தில் பாகின் வெப்பம் 112 முதல் 116 டிகிரிக்குள் இருக்கும். அப்போது நூறு பங்கில் எண்பத்தைந்து பங்கு வெல்லமும் பதினைந்து பங்கு தண்ணீரும் இருக்கும் என்று தோராயமாகக் கொள்ளலாம்.

காலிப் பாத்திரத்தைக் கரண்டியுடன் முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அம்மா தட்டில் உருட்டிப் பார்த்து "இறக்கு" என்று சொல்லும் கணத்தில் அடுப்பை அணைத்து, தடித்த துணி விரித்த தராசில் பாத்திரத்தை வைத்து எடையைப் பாருங்கள். 500 கிராம் வெல்லத்துக்கு 590 கிராம் அளவில் வரும் என்பது என் கணக்கு. வெல்லத்திலேயே ஈரம் இருப்பதால் சற்று முன்பின் ஆகலாம். கொதிக்கும் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பாத்திரத்தை இருவர் பிடியுங்கள், தராசை அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.


பழைய கிராணி | வியாழன், காலை 6.10

ஒரே நாளில் முடித்துவிடாதே அம்மா. மூன்று நாள், மூன்று பாகு. கொட்டகையில் ஒரு வாளியில் மாதிரி எடுத்து மற்ற வாளிகளுக்கும் அதையே எழுதியதில்லை.


சிப்புட் மகள் | வியாழன், காலை 7.25

சரி ஐயா. நாளை முதல் பாகு காய்ச்சுகிறோம். தம்பி பாத்திரத்தின் மறுகாதைப் பிடிக்க வருகிறான். அம்மா "இறக்கு" என்று சொன்ன எடையை இரவே இங்கு எழுதுகிறேன்.